வானறிவு அரங்கும் வாராத ஆசிரியரும்

சுங்கை பூலோ வட்டாரத்து இரப்பர்த் தோட்டங்களில் உழைத்து வாழ்ந்த தமிழ்த் தொழிலாளியின் அன்றாடக் கூலி, துரையின் கையில் இருந்ததைவிட வானத்தின் கையில் இருந்தது என்றால் அது மிகையாகாது. விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குப் புறப்படுமுன் லயத்து வாசலில் நின்று அவன் முதலில் பார்த்தது மேற்கு வானத்தைத்தான். இரவு மழையில் பட்டை நனைந்திருந்தால் மரத்தில் கத்தி வைக்க இயலாது. வெட்டி முடித்தபின் மழை வந்தாலோ, மங்கில் சேர்ந்த பால் நீரோடு நீராய் வழிந்தோடிவிடும். மாதத்தில் இத்தகைய நாள்கள் மிகுந்தால் மளிகைக் கடைக்காரரின் கணக்குப் புத்தகத்தில் கடன் ஏறும். அம்மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே இன்று தமிழ்ப்பள்ளிகளில் ஆசிரியர்களாக அமர்ந்திருக்கின்றனர். இரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் பரந்திருந்த நிலம் குவாசா டாமன்சாரா என்னும் புதுநகராக மாறி வருகிறது; எம்.ஆர்.டி. வண்டியும் ஓடுகிறது. வானத்தை அண்ணாந்து பார்க்கும் தேவை தீர்ந்துவிட்டதென அவர்கள் எண்ணிவிட்டனர் போலும்.

ஆண்டின் நடுமாதங்களில் விடியற்காலையில் மேற்கிலிருந்து திடீரெனப் பாய்ந்துவரும் சூறையையும் மழையையும் அத்தொழிலாளி தன் உடலால் அறிந்திருந்தான். அதன் காரணத்தை அவனுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. வானிலையறிஞர் அதனைச் சுமத்ராச் சூறை என்பர். இரவில் நிலம் கடலைவிட விரைவாகக் குளிர்கிறது. சுமத்ராவிலிருந்தும் தீபகற்பத்திலிருந்தும் குளிர்ந்த நிலக்காற்று மலாக்கா நீரிணையை நோக்கி இறங்குகிறது. இரண்டும் சந்திக்குமிடத்தில், கடலின்மேல் தங்கியிருந்த வெதுவெதுப்பான ஈரக்காற்று மேலே தள்ளப்படுகிறது. இடிமுகில்கள் வரிசையாக எழுகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று அவ்வரிசையைக் கிழக்கே நகர்த்த, விடியலுக்கு முன்னும் காலைப்பொழுதிலும் அது சிலாங்கூர்க் கரையை வந்து தாக்குகிறது. செய்தி இவ்வளவே. இதனைச் சொல்வதற்குத் தமிழ் எவ்விடத்திலேனும் தடுமாறிற்றா என்பதைப் படிப்போரே கூறட்டும்.

இத்தகைய செய்திகள் ஆராயப்படும் இடம் வெகுதொலைவில் இல்லை. சுங்கை பூலோவில் கே.டி.எம். இரயிலேறிக் கோலாலம்பூரில் வண்டி மாறினால், பாங்கியிலுள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்துக்கான யூ.கே.எம். நிலையத்தில் இறங்கலாம். பருவநிலையையும் விண்வெளியையும் ஆராயும் அறிஞர்கள் அங்கே உள்ளனர். அப்பல்கலைக்கழகத்தின் ஃபிரெடோலின் தங்காங், உலக நாடுகளின் பருவநிலை மாற்ற ஆய்வுக்குழுவான ஐ.பி.சி.சி.யின் முதற் பணிக்குழுவில் 2008 முதல் 2015 வரை துணைத்தலைவர்களுள் ஒருவராக விளங்கினார். மலாயாப் பல்கலைக்கழகமோ இன்னும் அருகில் உள்ளது. உலகெங்கும் இத்தகைய துறைகளில் நடைபெறும் கருத்தரங்குகளுக்குப் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. மொழியும் தடையன்று, மலாயும் ஆங்கிலமும் அறியாமல் இந்நாட்டில் எவரும் ஆசிரியப் பயிற்சியை முடிப்பதில்லை. இருந்தும் அவ்வரங்குகளில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியரைக் காண்பது குறிஞ்சிப்பூவைக் காண்பதுபோல் அரிதாயிருக்கிறது.

அவர் கருத்தரங்குக்கே செல்லாதவர் அல்லர். அவர் செல்லும் கருத்தரங்கு வேறு. காலை ஒன்பது மணிக்குத் தொடங்க வேண்டிய நிகழ்ச்சி, சிறப்பு விருந்தினரின் வருகைக்காகப் பத்தரை வரை காத்திருக்கும். குத்துவிளக்கு, தமிழ்வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, திறப்புரை என அடுக்கடுக்காய் உரைகள் வரும். ஒவ்வோர் உரைக்கும் முன்னும் பின்னும் பொன்னாடை உண்டு. மூன்று திங்கள் உழைத்துக் கட்டுரை எழுதியவருக்குப் பத்து நிமிடம் கொடுக்கப்படும். ஏழாம் நிமிடத்தில் மணியடிக்கப்படும். வினா நேரம் நிகழ்ச்சி நிரலில் அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் உணவு ஆறிவிடும் என்பதால் அது கைவிடப்படும். கலைந்து செல்கையில் எல்லார் கையிலும் ஒரு பையும் ஒரு சான்றிதழும் இருக்கும். கட்டுரையாளர் சொன்னதில் எது பிழை என்று எவரேனும் கேட்டிருந்தால், அவர் அடுத்த ஆண்டு அழைக்கப்படமாட்டார்.

வளிமண்டலவியல் துறையின் கருத்தரங்கில் விளக்கும் இல்லை, ஆடையும் இல்லை. அறிவிப்புப் பலகையில் பேசுபவர் பெயர், பொருள், நேரம், அறை எண் தாங்கிய ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கும். பேசுபவர் ஒரு மணி நேரத்துக்குள் தாம் அளந்ததைச் சொல்வார். எந்தக் கருவியால் அளந்தார், பிழை எவ்வளவு இருக்கலாம் என்பதையும் சொல்வார். பிறகுதான் அரங்கின் உண்மையான பணி தொடங்கும். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் முதலாண்டு ஆய்வு மாணவர் எழுந்து, அந்த வரைபடத்தின் அச்சில் அலகு தவறாக உள்ளது என்று பேராசிரியரிடமே கூறலாம். பேராசிரியர் குனிந்து பார்த்து, ஆம், திருத்திவிடுகிறேன் என்பார். இருவருக்கும் மானம் போவதில்லை.

அங்கும் எல்லாம் நீதியாகவே நடக்கும் என்று சொல்வதற்கில்லை. 1935ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள், இலண்டன் அரச வானியல் கழகக் கூட்டத்தில் இருபத்து நான்கு வயதுத் தமிழிளைஞர் ஒருவர் தம் கணக்கை எடுத்துரைத்தார். எரிபொருள் தீர்ந்து சுருங்கும் விண்மீனின் பொருள்திணிவு ஒரு வரம்பைத் தாண்டினால், அது வெள்ளைக் குறுமீனாக நிலைத்திருக்க இயலாது என்பது அவர் முடிவு. கதிரவனின் திணிவைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று அவ்வரம்பு இன்று கொள்ளப்படுகிறது. அடுத்து எழுந்த எடிங்டன், வானியலின் பேரறிஞர், அம்முடிவை எள்ளி நகையாடினார். அவையும் அவரோடு சேர்ந்து சிரித்தது. அந்த இளைஞரே சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். 1983இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு! ஆயினும் அவர் கணக்கு தாளில் இருந்தது; விரும்பியவர் எடுத்துச் சரிபார்க்க முடிந்தது; எடிங்டனின் புகழ் அதனை அழிக்க முடியவில்லை. பொன்னாடை அரங்குகளில் நிகழ்ந்த சொற்பொழிவுகளுள் ஐம்பது ஆண்டு கழித்து எவரேனும் எடுத்துச் சரிபார்க்கத்தக்கவை எத்தனை?

ஆய்வகத்துக்கும் பொதுமக்களுக்கும் இடையே பாலமாக நிற்பது ஆசிரியரின் வேலையன்று என்பாரும் உளர். அவர்கள் சிந்தாமணி இரகுநாதாச்சாரியின் வாழ்வை அறிதல் நலம். சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய அவர் பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் வந்தவர். 1867இல் ரெட்டிக்குலம் என்னும் விண்மீன் தொகுதியில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1872இல் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார். 1874ஆம் ஆண்டு திசம்பர் 9ஆம் நாள் கதிரவனின் முகத்தைக் கடந்து வெள்ளிக்கோள் செல்லவிருந்தது. அந்நிகழ்ச்சிக்காக ஐரோப்பிய நாடுகள் கப்பல்களில் தொலைநோக்கிகளை ஏற்றி உலகின் பல மூலைகளுக்கும் அனுப்பின. கதிரவனுக்கும் பூமிக்கும் இடைப்பட்ட தொலைவை அளக்க அது ஓர் அரிய வாய்ப்பு. இரகுநாதாச்சாரி தொலைநோக்கியோடு நின்றுவிடவில்லை. அந்நாளில் என்ன நிகழும், ஏன் நிகழும் என்பதை விளக்கும் சிறுநூலை ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் வெளிவரச் செய்தார். தம் நாட்டு மக்கள் அந்தக் கரும்புள்ளியைக் கண்டு அஞ்சாமல், அறிந்து பார்க்க வேண்டும் என்னும் எண்ணம் அவருக்கு இருந்தது. அவரும் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்தான். இந்நூலை எழுதச் சொல்லி எந்தக் கல்வி அலுவலகமும் அவருக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்காது.

அவர் செய்த இன்னொரு பணி இன்றும் சுங்கை பூலோ வீட்டுச் சுவர்களில் தொங்குகிறது. பழைய வாய்பாட்டின்படி கணித்த கோள்நிலை வானத்தில் காணும் நிலையோடு பொருந்தவில்லை என்பதைக் கண்ட அவர், பார்வையோடு ஒத்துவரும்படி பஞ்சாங்கத்தைத் திருத்திக் கணித்தார். திருக்கணிதம் எனப்படுவது அம்முறை. பழைய முறை வாக்கியம். இரண்டும் இன்று அருகருகே நாட்காட்டிகளில் அச்சாகின்றன. சனிக்கோள் கும்பத்துக்குப் பெயர்ந்தது திருக்கணிதப்படி 2023 சனவரி 17. வாக்கியப்படி 2023 திசம்பர் 20. ஒரே கோள் ஒரே எல்லையைப் பதினொரு மாத இடைவெளியில் இருமுறை கடந்ததா? இரண்டு நாளும் கோயில்களில் கூட்டம் நிரம்பியது. கூட்டத்தில் அறிவியல் பாடம் நடத்தும் ஆசிரியர்களும் நின்றனர். வழிபடுவது அவரவர் நம்பிக்கை. அதில் குறுக்கிட எவருக்கும் உரிமையில்லை. ஆனால் மறுநாள் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து எந்த நாள் சரி என்று கேட்டிருந்தால், அவனை உட்காரச் சொல்வதைத் தவிர வேறு விடை எத்தனை பேரிடம் இருந்திருக்கும்? நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பஞ்சாங்கக் குடும்பத்தார் கேட்கத் துணிந்த கேள்வி அது.

இங்கே ஒரு சாரார் குறுக்கிட்டு, வானறிவெல்லாம் பழந்தமிழில் உண்டு என்பர். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்று 30ஆம் பாட்டில் ஞாயிற்றின் செலவையும் காற்று இயங்கும் திசையையும் நேரில் சென்று அளந்தவர்போல் உரைப்போர் குறிக்கப்படுகின்றனர். 66ஆம் பாட்டில் வெண்ணிக்குயத்தியார், கரிகாலனின் முன்னோர் காற்றின் இயக்கத்தை ஆண்டு கலம் செலுத்தியதைக் குறிக்கிறார். மறுப்பதற்கில்லை, பெருமை கொள்ளத்தக்கவையே. குயவர் குலத்துப் பெண்ணொருத்தி கடற்காற்றைப் பற்றிப் பாட்டில் வைத்தாளே என்று வியக்கவும் வேண்டும். எனினும் அப்பாடல்கள் போற்றுவது அளந்தவரையும் ஆண்டவரையும். அவற்றை மேடையில் முழங்குபவரின் பள்ளி வளாகத்தில் ஒரு மழைமானிகூட இல்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பு பாட்டன் காற்றின் திசையை அறிந்தான் என்பதனால், இன்று பேரன் காற்றுத்திசைகாட்டியை வாங்க வேண்டியதில்லை என்று ஆகுமா?

மற்றொரு சாரார் நேர் எதிரான திசையில் நிற்கின்றனர். வளிமண்டலவியலுக்கும் விண்வெளியியலுக்கும் தமிழ் தாங்காது என்பது அவர்கள் கட்சி. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட வேண்டும் என்ற திட்டம் வந்தபோதும், அது கைவிடப்பட்டபின் 2016இல் இருமொழித் திட்டம் வந்தபோதும் இவர்கள் குரல் உரக்க ஒலித்தது. அவர்களுக்கு விடை சொல்லத் தமிழ்நாடு வரை போக வேண்டியதில்லை. 1970இல் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் தோன்றியபோது, மலாய் மொழியில் அறிவியல் கற்பிக்க இயலுமா என்ற ஐயம் இங்கும் எழுந்தது. 1956இல் தொடங்கிய டேவான் பகாசா இருந்தது, கலைச்சொல் ஆக்கினார்கள், பாடநூல் எழுதினார்கள், தவறான சொற்களைத் தூக்கியெறிந்து வேறு சொற்களை வைத்தார்கள். அயலார் செய்து காட்டியதைத் தமிழர் கூடாதென்பது என்ன நியாயம்?

தமிழிலும் செய்தவர் உண்டு. வழக்கறிஞராயிருந்த பெ. நா. அப்புசாமி, 1986இல் மறையும் வரை ஒரு நீண்ட வாழ்நாளை அறிவியலைத் தமிழில் எழுதுவதற்கே செலவிட்டார். நீரியல் அறிஞரும் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவருமான வா. செ. குழந்தைசாமி, பெய்த மழை எவ்வாறு ஆற்றில் ஓட்டமாகிறது என்பதைக் கணித வடிவில் ஆராய்ந்தவர். அவரே அறிவியல் தமிழுக்காகவும் எழுதினார். மயில்சாமி அண்ணாதுரை, கை. சிவன் ஆகியோர் சிற்றூர்ப் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்து விண்வெளித் துறையின் உயரத்தை அடைந்தனர். இவர்கள் பெயர்கள் மேடைத் துணிகளில் அச்சிடப்படுகின்றன. ஆனால் அண்ணாதுரை திட்ட இயக்குநராயிருந்து 2008 அக்டோபர் 22இல் ஏவப்பட்ட சந்திரயான்–1, நிலவின் மேற்பரப்பில் நீர் மூலக்கூறுகளின் சுவட்டைக் காட்டியது எப்படி என்று அம்மேடையில் பேசியவர் எவர்? இந்நாட்டிலும் விண்வெளி வீரர் தேர்வுக்குப் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்து, 2006இல் நால்வர் எஞ்சியபோது அவர்களுள் ஒரே பெண்ணாக எஸ். வனஜா இருந்தார். அப்பெயரைத் தமிழ்ப்பள்ளி மாணவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

இருமொழித் திட்டத்தை எதிர்த்துப் பதாகை ஏந்தியவர்களுக்கும் ஒரு கேள்வி உண்டு. அவர்கள் கோரிக்கை நியாயமானது. தமிழ்ப்பள்ளியில் அறிவியல் தமிழில் இருக்கட்டும். ஆனால் பதாகையை இறக்கிய பிறகு அவர்களுள் எத்தனை பேர் ஒரு பக்கம் அறிவியலைத் தமிழில் எழுதினர்? ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இந்நாட்டில் உள்ளன. மாணவர்களுக்கான அறிவியல் விழாக்களை நடத்திவரும் அஸ்தி போன்ற இயக்கத்தின் உழைப்பை மறந்துவிடலாகாது. அவ்விழாவில் ஒன்பது வயதுப் பிள்ளைகள் தம் சோதனையைத் தமிழில் விளக்குகின்றனர். பிள்ளைகள் முன்சென்றுவிட்டனர், ஆசிரியர்கள் பின்தங்கியிருக்கின்றனர்.

இது மொழிப்பற்றின் கேள்வி மட்டுமாக இருந்திருந்தால் இவ்வளவு கடுமை தேவைப்படாது. 2005 ஆகஸ்டில் புகைமூட்டம் சூழ்ந்து, கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. 2015இலும் 2019இலும் பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று. காற்றுத் தூய்மைக் குறியீட்டெண்ணைக் கணிப்பதில் 2018இலிருந்து இரண்டரை மைக்ரோ மீட்டருக்கு உட்பட்ட நுண்துகளும் சேர்க்கப்படுகிறது. ஒரு தலைமயிரின் குறுக்களவில் ஏறத்தாழ முப்பது துகள்களை வரிசையாக வைக்கலாம். மூக்கு மயிர் அதனைத் தடுக்காது, நுரையீரலின் அடி வரை சென்று தங்கும். இதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, மூச்சிரைப்புள்ள பாட்டியிடம் கொடுத்தனுப்பிய பள்ளி எது?

2021 திசம்பர் 18இல் கிள்ளான் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் மூழ்கியது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி நின்றனர். தமிழ்க் குடும்பங்கள் பலவும் அங்கே இருந்தன. கோலாலம்பூரில் ஒரு மாதத்துச் சராசரி மழையை விஞ்சிய மழை ஒரே நாளில் பெய்தது என்று அதிகாரிகள் கூறினர். நூறாண்டுக்கு ஒருமுறை வரும் மழை என்றும் கூறினர். அச்சொல்லைக் கேட்ட எளிய மக்கள், இனித் தொண்ணூற்றொன்பது ஆண்டுகளுக்கு அச்சமில்லை எனப் பொருள் கொண்டனர். அதன் பொருள் அதுவன்று. ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதே பொருள். சென்ற ஆண்டு வந்தது என்பதனால் இவ்வாண்டு வாய்ப்புக் குறைவதில்லை. முப்பது ஆண்டுக் கடனில் வீடு வாங்கும் ஒருவர், கடனைக் கட்டி முடிக்குமுன் அத்தகைய மழையை ஒருமுறையேனும் காணும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்று. காற்று வெளுத்து வரும் வெப்பக்காலத்தில் இவ்வாய்ப்பே மாறிவருகிறதா என்பதும் இன்று அரங்குகளில் ஆராயப்படும் வினா. இக்கணக்கை ஆறாம் ஆண்டு மாணவனுக்கும் சொல்லிப் புரியவைக்கலாம். வானிலைத் துறை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என விடுக்கும் எச்சரிக்கைகளின் வேறுபாட்டை அவன் வீட்டுக்கு எடுத்துச் சென்றால், மலாய் படிக்கத் தெரியாத தாத்தாவும் காரை மேட்டில் நிறுத்தச் சொல்வார். அப்பாடத்தைச் சொல்வதற்கு ஆசிரியர் முதலில் அதைக் கேட்டிருக்க வேண்டுமே!

வேலைச்சுமை மிகுதி, இணையத்தில் நிரப்ப வேண்டிய படிவங்கள் ஏராளம் என்று ஆசிரியர் கூறுவதில் உண்மை உண்டு. முன்பு தேர்வைக் காரணம் காட்டினர், யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆண்டுக்கு இருமுறை, பள்ளிக்கு ஓர் ஆசிரியர் பல்கலைக்கழக அரங்கொன்றுக்குச் சென்று வருதல் எவர் முதுகையும் முறிக்காது. பள்ளித் திடலில், நேரான பக்கமுள்ள ஒரு கண்ணாடிப் பாத்திரமும் அளவுகோலும் போதும், மழையளக்க. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர் நீர் என்று தெரிந்துகொண்ட பிள்ளை, தன் வீட்டுக் கூரையில் விழுந்த நீர் எவ்வளவு என்று தானே கணக்கிடும்.

எழுத்தாளர் சங்கங்களுக்கும் இதில் பங்குண்டு. கட்டுரைத் தொகுப்புகளில் சிலம்பின் சிறப்பும் குறளின் பெருமையும் ஆண்டுதோறும் வருகின்றன, வரட்டும். அவற்றோடு நான்கு பக்கங்கள், ஓர் ஆசிரியர் சென்று கேட்ட வானிலைக் கருத்தரங்கைப் பற்றியதாக இருக்கட்டும். பேசியவர் யார், அவர் அளந்தது என்ன, எக்கருவியால் அளந்தார், எத்தனை ஆண்டுகள் அளந்தார் என்பன முதற்பக்கத்தில் இடம்பெற வேண்டும். அரங்கில் எவர் மறுத்தார், என்ன சொல்லி மறுத்தார் என்பதும், விடை கிடைக்காமல் எஞ்சிய வினா எது என்பதும் இறுதிப் பக்கத்தில் இடம்பெற வேண்டும். பேச்சாளருக்குப் பாராட்டுரை எழுத இடமில்லை.